மூளையும் கணிப்பொறியும்: கருவிகள் வளர்ந்த வரலாறு

மனிதன் தன் உள்ளக் கருத்தைப் பிறர்க்கு உணர்த்த இயற்கை அவனுக்கு அளித்துள்ள வாயில்கள் சிலவே. நாவினால் பேசுகின்றான், கையினால் எழுதுகின்றான், கண்ணாலும் முகக்குறிப்பாலும் சொல்லாமற் சொல்லுகின்றான். இவை யாவும் தசைகளின் இயக்கத்தால் நிகழ்வன. தசைகள் அனைத்தும் செயலற்றுப் போய், அறிவு மட்டும் தெளிவாக விளங்கும் ஒருவன் எவ்வாறு பேசுவான்? தன் மனைவி மக்களிடம், 'தாகமாக இருக்கிறது' என்னும் சிறு செய்தியையேனும் எவ்வாறு தெரிவிப்பான்? இவ்வினாவுக்கு விடை காண முயலும் அறிவியல் துறைக்கு மூளை–கணிப்பொறி இணைப்பு ஆய்வு என்று பெயர். மூளையில் எழும் மின்னசைவுகளைக் கருவியால் அளந்து, கணிப்பொறியால் பகுத்து, அவற்றைக் கொண்டே எழுத்தையோ இயந்திரத்தையோ இயக்குவது இதன் நோக்கமாகும்.

இத்துறையைப் பற்றிப் பேசுவோர் பலர், 'மனத்தைப் படிக்கும் பொறி' என்று வியந்து நின்றுவிடுகின்றனர். வியப்புக்கு அப்பால் சென்று இதன் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அளக்கும் கருவியும் பகுக்கும் முறையும் ஒருவர் கையினின்று பலர் கைக்குச் சென்ற காலங்களில் இத்துறை முன்னேறியது. ஒருவர் கையில் அவை அடங்கிக் கிடந்த காலங்களில் தேங்கியது, சில வேளைகளில் நோயாளரையும் கைவிட்டது. இவ்வுண்மையைக் கருவிகளின் வரலாற்று வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தவளைக் காலும் முயல் மூளையும்

உயிருடலில் மின்சாரம் உண்டு என்னும் கருத்துக்கு வித்திட்டவர் இத்தாலி நாட்டின் பொலோனா நகரைச் சார்ந்த லூயிஜி கால்வானி. இறந்த தவளையின் கால் தசைகள் மின்தூண்டலால் துடிப்பதைக் கண்ட அவர், தம் ஆய்வுகளை 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் கருவிக்குப் பிற்காலத்தார் அவர் பெயராலேயே கால்வனோமீட்டர் என்று பெயரிட்டனர்.

மூளையிலேயே மின்னோட்டம் உண்டா என்று ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவரான ரிச்சர்டு கேட்டன். முயல்கள், குரங்குகள் ஆகியவற்றின் திறந்த மூளைமீது மின்வாய்களை வைத்து அவர் அளந்தார். அக்காலத்துக் கால்வனோமீட்டரில் சிறு கண்ணாடி ஒன்று தொங்கும். மின்னோட்டம் பாயும்போது அக்கண்ணாடி இம்மியளவு திரும்பும். அதன்மேல் படும் ஒளிக்கதிர் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியாய் நகரும். அப்புள்ளியின் அசைவே மூளையின் அசைவுக்குச் சான்று. 1875ஆம் ஆண்டில் கேட்டன் இதனை மருத்துவர் அவையில் அறிவித்தார். ஆயினும் அவர் அறிவிப்பு பெரும்பாலோர் செவியில் ஏறவில்லை. சுவரில் நகரும் ஒளிப்புள்ளியை எடுத்துச் சென்று பிறரிடம் காட்ட இயலாதன்றோ? பதிந்து வைக்கவியலாத செய்தி, கண்டவர் நினைவோடு நின்றுவிட்டது. பின்னர் 1890இல் போலந்து அறிஞர் அடால்ப் பெக் என்பவரும், அதன் பின்னர் பிராவ்திச் நெமின்ஸ்கி என்பவரும் விலங்குகளில் இதே உண்மையைக் கண்டனர். நெமின்ஸ்கி நாயின் மூளை அலைகளை ஒளிப்படத்தில் பதிந்தார். மனித மூளையைப் பற்றி மட்டும் எவரும் ஒன்றும் அறியாதிருந்தனர்.

ஏனாவின் தனிமனிதர்

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிந்தவர் செருமானியரான ஆன்ஸ் பெர்கர். 1873இல் பிறந்த அவர், ஏனா நகரப் பல்கலைக்கழகத்தில் உளநோய் மருத்துவராய்ப் பணியாற்றியவர். இளமையில் படைப் பயிற்சியின்போது குதிரை அவரைக் கீழே தள்ளியது. பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே, அவர் நலம் வினவித் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தொலைவில் வீட்டிலிருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்தது என்று உணர்ந்து தந்தையை வற்புறுத்தியதால் வந்த தந்தி அது. ஓர் உள்ளத்தின் அச்சம் மற்றோர் உள்ளத்துக்கு எட்டியது எவ்வாறு என்னும் வினா பெர்கரை வாழ்நாள் முழுதும் விடாது பற்றியது. உள்ளத்தின் ஆற்றலை அளந்துவிட வேண்டும் என்று அவர் துணிந்தார். தொலைவிலுணர்தலுக்கு அவர் தேடிய விடை கிடைக்கவில்லை. தேடிச் சென்ற வழியில் வேறொரு பெரும்பொருள் கிடைத்தது.

1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மண்டையோட்டில் எலும்பு நீக்கப்பட்டிருந்த இளைஞர் ஒருவரின் தலையிலிருந்து மின்னசைவை அவர் முதன்முதல் பதிந்தார். பின்னர் எலும்பு குன்றாத தலைகளிலும், தம் மகனுடைய தலையிலும் மீண்டும் மீண்டும் பதிந்து பார்த்தார். தலைத்தோலின்மேல் கிடைக்கும் அவ்வழுத்தம் மைக்ரோவோல்ட்டுகளில் அளக்கத்தக்கது; அதாவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துக் கூறுகள். நம் வீட்டுச் சுவரில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்தோடு இதனை ஒப்பிட்டால் அதன் நுண்மை விளங்கும். தசைத் துடிப்போ, இதயத் துடிப்போ, கருவியின் நடுக்கமோ தம்மை ஏமாற்றுகின்றது என்று ஐயுற்று ஐந்தாண்டுகள் வாய் திறவாது சோதித்த பெர்கர், 1929இல்தான் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். கண் மூடி அமைதியாய் இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை எழும் அலைக்கு ஆல்பா என்று பெயரிட்டார். கண் திறந்ததும் அவ்வலை தணிந்துவிடுவதையும் கண்டார்.

அக்கண்டுபிடிப்பை அன்றைய அறிஞருலகம் உடனே ஏற்கவில்லை. பெர்கர் தனித்தே உழைத்தவர். அவர் கண்டதைத் தம் கருவியால் கண்டு உறுதிசெய்யும் பிறர் அப்போது இல்லை.

பெர்கரின் பெயரைப் போற்றும் நாம் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. இட்லரின் ஆட்சிக் கொடுமையால் வருந்தியவர் அவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தோர், கட்டாயக் கருத்தடைக்கு ஆணையிட்ட மரபுநல நீதிமன்றத்தில் அவர் உறுப்பினராய் அமர்ந்திருந்ததை எடுத்துக்காட்டியுள்ளனர். உளநோயாளரின் மூளையைப் பரிவோடு ஆராய்ந்த கையே அவர்தம் உரிமையைப் பறிக்கும் ஆணைக்கும் உடன்பட்டது. 1938இல் பணியினின்று ஓய்ந்த பெர்கர், உள்ளம் நொந்து 1941இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். மூளையை அளக்கும் கருவி யார் கையில், எந்த அரசின்கீழ் இருக்கின்றது என்னும் கேள்வி இத்துறை பிறந்த நாளிலேயே உடன் பிறந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

பலர் கைக்கு வந்த அளவுகோல்

1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர் எட்கர் ஏட்ரியனும், உடன் பணியாற்றிய மேத்யூசும் பெர்கரின் அலைகளைத் தம் கருவியால் மீண்டும் கண்டு உறுதிசெய்தனர். ஏட்ரியன் 1932இல் நோபல் பரிசு பெற்றவர். தம் தலையிலேயே மின்வாய்களைப் பொருத்திக்கொண்டு, கண்ணை மூடியும் திறந்தும், ஆல்பா அலை தோன்றி மறைவதை அவையோர் முன் காட்டினார். மேத்யூசு வடிவமைத்த மின்பெருக்கி, இரு மின்வாய்களுக்கும் பொதுவாக வரும் இரைச்சலைக் கழித்து, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கிக் காட்டுவது. இன்றும் மூளை அலைக் கருவிகள் இக்கழித்தல் முறையையே அடிப்படையாய்க் கொண்டுள்ளன.

அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆல்பர்ட் கிராஸ் என்னும் பொறியாளர், ஆர்வர்டு மருத்துவர் பிரெடரிக் கிப்சுக்காக மூளை அலை பதிகருவி ஒன்றை அமைத்தார். அவர் தொடங்கிய தொழிலகம் அக்கருவியை மருத்துவமனைகளுக்கு விற்றது. காக்காய் வலிப்பு நோயைக் கண்டறிய மருத்துவர்க்குப் புதியதொரு கண் கிடைத்தது.

கருவி பரவினால் போதுமா? மின்வாயை ஒருவர் நெற்றியிலும் மற்றொருவர் உச்சியிலும் வைத்தால் இருவர் அளவுகளை எங்ஙனம் ஒப்பிடுவது? கனடாவின் மான்றியால் நகர அறிஞர் எர்பர்ட் சாசுபர் 1958இல் வெளியிட்ட பத்து–இருபது முறை இச்சிக்கலைத் தீர்த்தது. மூக்கின் மேற்குழியிலிருந்து பிடரி மேடுவரை உள்ள தொலைவை அளந்து, அதில் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு எனப் பிரித்து மின்வாய்களுக்கு இடம் வகுத்தார் அவர். தலை பெரிதாயினும் சிறிதாயினும் இடங்களின் பெயர் ஒன்றே. ஒரு நாட்டு ஆய்வாளர் எழுதியதை மற்றொரு நாட்டார் பிழையறப் படித்துணர இப்பொது இலக்கணம் வழி செய்தது.

இரைச்சலிலிருந்து குரலைப் பிரித்தல்

திருமண மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒரு மூலையில் குழந்தை ஒன்று மெல்லத் தாளமிடுகின்றது. அத்தாளத்தை எவ்வாறு கேட்பது? குழந்தை தட்டும் நேரம் நமக்குத் தெரியுமாயின் ஒரு வழியுண்டு. ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒலியைப் பதிந்து, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிச் சராசரி காண வேண்டும். பேச்சொலி முறைக்கு முறை மாறுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாளம் மாறாததால் நிலைத்து நிற்கும். நூறு முறை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு.

இம்முறையை மூளை ஆய்வுக்குக் கொணர்ந்தவர் இலண்டன் அறிஞர் சார்சு டாசன். 1951இல் அவர் காட்டிய கருவியில் சுழலும் பொத்தான் ஒன்று அளவுகளை மின்தேக்கிகளில் மாறிமாறிச் சேமித்தது. அவர் பொறியால் செய்ததைக் கணிப்பொறியால் செய்யும் காலம் விரைவில் வந்தது. அமெரிக்காவின் மாசாசுசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த லிங்கன் ஆய்வகத்தில் வெசுலி கிளார்க்கும், சார்லசு மோல்னாரும் லிங்க் என்னும் சிறு கணிப்பொறியை உருவாக்கினர். அக்காலக் கணிப்பொறிகள் பெரிய அறைகளை அடைத்துக்கொண்டு, ஆய்வாளர் முறைவைத்துக் காத்திருக்கும் கோயில்களைப் போல் விளங்கின. லிங்க் கருவியோ ஆய்வாளரின் மேசையருகே நின்று, சோதனை நடக்கும்போதே விடை தந்தது. முதல் அமைப்பின் நினைவகம் 1024 சொற்களே கொண்டது. 1962இல் அது பெத்தெசுடா நகரில் உள்ள தேசிய நலவாழ்வு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பூனையின் மூளை ஒலிக்கு விடையளிப்பதை அங்கேயே ஆராய்ந்து காட்டியது.

லிங்க் கணிப்பொறியின் வடிவமைப்பு எவருடைய தனியுடைமையும் ஆகாது பொதுவுடைமையாய் விடப்பட்டது. 1963ஆம் ஆண்டுக் கோடையில் உயிரியல் ஆய்வாளர்கள் அங்கு வந்து, தத்தம் கணிப்பொறியைத் தாமே பூட்டிக் கற்று, தம் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றனர். கருவியைப் பயன்படுத்துவோர் அதன் உள்ளுறுப்புகளையும் அறிந்திருக்க வேண்டும் என்னும் கொள்கை அங்கு செயல்வடிவம் பெற்றது.

கட்டளையிடும் மூளை

இதுவரை மூளையைக் கேட்டனர். இனி மூளையின் வழியே கருவியை இயக்க முற்பட்டனர். 1960களில் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தைச் சார்ந்த எட்மண்டு டூவன், ஆல்பா அலையைத் தாமே எழுப்பியும் தணித்தும் மோர்சு குறிகளை அனுப்பலாம் என்று காட்டினார். 1969இல் எபர்ஆர்டு பெட்சு என்பவர் குரங்குகளின் மூளையில் ஒரே ஒரு நரம்பணுவின் துடிப்பை ஓர் அளவுமானியின் முள்ளோடு இணைத்தார். முள் நகர்ந்தால் உணவு கிடைக்கும் என்று அறிந்த குரங்கு, அந்நரம்பணுவின் துடிப்பைத் தானே மிகுவித்துக்கொள்ளக் கற்றது.

மூளை–கணிப்பொறி இணைப்பு என்னும் பெயரை இத்துறைக்குச் சூட்டியவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாசு ஏஞ்சல்சு வளாகப் பேராசிரியர் சாக் விடால். 1973இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் கால்கோள் எனலாம். 1977இல் அவர் தம் கருத்தைச் செயலிற் காட்டினார். ஒளிரும் கட்டப் பலகையின் எப்பகுதியைச் சோதனைக்கு வந்தவர் நோக்குகின்றார் என்பதை, அவர் பிடரியிலெழும் மின்னசைவால் கணிப்பொறி உணர்ந்தது. அவ்வாறே திரையிலுள்ள சிக்கல் வழியில் ஒரு குறி மேலும் கீழும் இடமும் வலமும் நகர்ந்தது. கையசையாமல், வாயசையாமல் ஒரு பொருள் நகர்ந்தது.

பேசவியலாதார்க்கு எழுத்தைத் தர முயன்றோர் இலினாய்ப் பல்கலைக்கழகத்து லாரன்சு பார்வெலும் இமானுவேல் டோன்சினும் ஆவர். எதிர்பார்த்திருந்த அரிய நிகழ்வு ஒன்று தோன்றியதும் ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளையில் ஓரலை எழும் என்பது 1965 முதலே அறியப்பட்டிருந்தது. ஆறு வரிசையும் ஆறு நிரலுமாக 36 கட்டங்களில் எழுத்துகளை அமைத்து, வரிசைகளையும் நிரல்களையும் மாறிமாறி ஒளிரச் செய்தனர். தாம் விரும்பும் எழுத்தை உற்று நோக்குவார்க்கு, அவ்வெழுத்து நிற்கும் வரிசையும் நிரலும் ஒளிரும்போது மட்டும் அவ்வலை எழும். இரண்டும் சந்திக்கும் கட்டமே அவர் எண்ணிய எழுத்து. 1988இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி நிமிடத்துக்கு 2.3 எழுத்துகள் கிடைத்தன.

தமிழாசிரியர் ஒருவர் இக்கட்டத்தைக் கண்டால், நம் எழுத்துகள் இதனுள் அடங்குமோ என்று எண்ணுவது இயல்பே. 247 எழுத்துகளுக்கு 36 கட்டங்கள் எங்ஙனம் போதும் என்று மலைக்க வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளை வைத்தபின்னும் ஐந்து கட்டங்கள் எஞ்சும். சொல்லிடை வெளிக்கும் பிழைதிருத்தத்துக்கும் அவை உதவும். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால் உயிர்மெய் தானே அமையும். முதலெழுத்து முப்பதே எனத் தொகுத்து, ஏனையவற்றை அவற்றின் புணர்ப்பாக விளக்கும் நம் இலக்கண மரபு, கணிப்பொறிக்கு உரிய சிக்கனமும் உடையது என்பது இதனாற் பெறப்படும்.

பொது மென்பொருள்

1999ஆம் ஆண்டு இத்துறையில் இரு நிகழ்ச்சிகளால் சிறப்புற்றது. செருமனியின் டியூபிங்கன் நகர அறிஞர் நீல்சு பிர்பாமரும் உடனாய்வாளரும், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து உடல் முழுதும் முடங்கிய நோயாளர், மூளையின் மெல்லிய மின்மாற்றங்களைக் கட்டுப்படுத்தக் கற்று எழுத்து எழுத்தாக மடல் எழுதியதை அவ்வாண்டில் வெளியிட்டனர். பல திங்கள் பயிற்சிக்குப் பின் விளைந்த மடல் அது. அதே ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்தில், ஆல்பனி நகர ஆய்வாளர் சோனதன் வோல்பாவின் முயற்சியால் இத்துறையின் முதல் அனைத்துலகக் கூட்டம் நடைபெற்றது.

ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கெனத் தனி நிரலை எழுதி வைத்திருந்த காலம் அது. ஓரிடத்து முறையை மற்றோரிடத்தில் சோதிக்க வேண்டுமாயின் அனைத்தையும் புதிதாய் எழுத வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க ஆல்பனியினரும் டியூபிங்கனாரும் கூடி அமைத்த மென்பொருளுக்கு பிசிஐ 2000 என்று பெயர். கெர்வின் சால்க் முதலியோர் 2004இல் இதனை விளக்கி எழுதினர். மூளையலையைப் பெறும் பகுதி, அதனைப் பகுக்கும் பகுதி, பயனருக்கு எழுத்தையோ குறியையோ காட்டும் பகுதி, இவை மூன்றையும் மேற்பார்க்கும் பகுதி என நான்காக அது பிரிந்திருந்தது. ஒரு பகுதியை மாற்றினாலும் ஏனையவை மாறா. புதிய மின்பெருக்கி வாங்கியவர் முதற்பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஆய்வாளர்க்கு இது விலையின்றி வழங்கப்பட்டு, உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வகங்களை அடைந்தது.

இதே ஆண்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து அர்னோ டெலோர்மும் சுகாட் மெக்கெய்கும் இஇஜிலேப் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். மூளையலையோடு கலந்து வரும் கண்ணிமைப்பு, தசையசைவு ஆகியவற்றைப் பிரித்தெடுக்க அது பெரிதும் உதவியது. பிரான்சு நாட்டு இன்ரியா நிறுவனம் ஓபன்வைப் என்னும் மென்பொருளை 2009இல் வழங்கிற்று; நிரல் எழுதத் தெரியாதாரும் திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துச் சோதனையை அமைக்க அதில் வழியுண்டு.

மென்பொருளோடு பதிவுகளையும் பொதுவில் வைத்தமை மற்றொரு நன்மை. 2008இல் நடைபெற்ற நான்காம் மூளை–கணிப்பொறி இணைப்புப் போட்டிக்கு ஆசுதிரியாவின் கிராசு நகர ஆய்வாளர் ஒன்பது பேரின் பதிவுகளை வழங்கினர். இடக்கை, வலக்கை, கால்கள், நாக்கு ஆகிய நான்கனுள் எதனை அசைப்பதாகப் பயனர் எண்ணினார் என்பதை 22 மின்வாய்களின் பதிவைக் கொண்டு கூற வேண்டும். இப்போட்டியில் வென்றோர் சிங்கப்பூர்த் தகவல் தொடர்பு ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஆங் கை கெங், குவான் சுன்டாய் ஆகியோரின் குழுவினர். 4 முதல் 40 வரையான அதிர்வெண்களை ஒன்பது பட்டைகளாய்ப் பிரித்து, ஒவ்வொருவர் மூளைக்கும் ஏற்ற பட்டைகளைக் கணிப்பொறியே தேர்ந்துகொள்ளுமாறு அவர்கள் முறை வகுத்திருந்தனர். அம்முறை பின்னர்ப் பக்கவாதத்தால் கை முடங்கியோர்க்குப் பயிற்சி தரும் சிங்கப்பூர் ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று. கையை அசைக்க நோயாளர் எண்ணும் அந்நொடியில் இயந்திரம் கையைத் தூக்கி உதவும். கிராசிலே பதிந்த அலையைக் கொண்டு சிங்கப்பூரிலே திறம் பெற்ற முறை, நோயாளர்க்குப் பயன்பட்டது. பொதுவில் வைத்த பொருள் கடல் கடந்து பயன் தரும் என்பதற்கு இதனினும் அணித்தான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

மண்டைக்கு வெளியிலும் உள்ளும்

கருவிகளின் விலையும் காலப்போக்கில் குறைந்தது. லிங்க் கணிப்பொறி ஒன்றின் விலை 40,000 டாலருக்கு மேற்பட்டிருந்தது. 2009இல் விற்பனைக்கு வந்த எமோட்டிவ் தலைக்கருவி 14 மின்வாய்களோடு சில நூறு டாலருக்குக் கிடைத்தது. மூளையலைக்கென்றே அமைந்த எட்டுத் தடச் சில்லு ஒன்றைக் கொண்டு, வரைபடம் முதல் நிரல் வரை அனைத்தையும் வெளிப்படையாய் வைத்த ஓபன்பிசிஐ கருவிக்கு 2013இன் இறுதியில் பொதுமக்களிடமிருந்து நிதி திரட்டப்பட்டது. மாணவர் மேசைக்கும் இக்கருவி எட்டும் காலம் அங்ஙனம் வந்தது.

மண்டையோட்டுக்கு உள்ளே சென்ற கருவிகளின் வேகம் வேறு வகையினது. யூட்டாப் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு நார்மன் அமைத்த மின்வாய்த் தொகுதி, நான்கு மில்லிமீட்டர்ச் சதுரத்தில் நூறு ஊசிகள் நட்ட சிறு நாற்றங்கால் போன்றது. முதுகுத்தண்டு அறுபட்டுக் கைகால் முடங்கிய மேத்யூ நேகல் என்பார்க்கு 2004இல் அது பொருத்தப்பட்டது. திரையில் மின்னஞ்சலைத் திறக்கவும் செயற்கைக் கையை விரிக்கவும் மூடவும் அவரால் இயன்றதை 2006இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 2021இல், கையால் எழுதுவதாக எண்ணிய ஒருவரின் மூளையிலிருந்து நிமிடத்துக்கு 90 எழுத்துகள் பெறப்பட்டன. 1988இன் 2.3 எழுத்துகளோடு இதனை ஒப்பிடுக. 2023இல், பேசும் ஆற்றல் இழந்த ஒருவரின் பேச்சு முயற்சியிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்கள் கிடைத்தன. ஆயினும் 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு சொல் பிழையாயிற்று. 2024 சனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 1,024 மின்வாய்கள் கொண்ட கருவியை ஒருவர்க்கு முதன்முதல் பொருத்தியது. சில கிழமைகளில் மின்வாய் இழைகள் பல தம் இடத்தினின்று பின்வாங்கின. மென்பொருளை மாற்றியே இழந்த திறத்தை மீட்டனர். உயிருள்ள மூளை ஓய்வின்றி அசைவது. அதில் நட்டது நட்டபடி நில்லாது.

கருவி யாருடையது?

இவ்வளர்ச்சியைக் கண்டு மகிழும் நாம் மூன்று நிகழ்ச்சிகளை மறத்தல் ஆகாது.

முதலாவது: 2010 முதல் ஆசுதிரேலியாவின் மெல்பர்ன் நகரில், வலிப்பு வருமுன் அறிவிக்கும் கருவி 15 பேருக்குப் பொருத்தப்பட்டது. அவருள் சிலர்க்கு அது பெருந்துணையாயிற்று. கருவியைச் செய்த நிறுவனம் பொருள்முடையால் நலிந்தது, கருவிகள் நீக்கப்பட்டன. தம்மோடு ஒன்றாகிவிட்ட அதனை இழக்க விரும்பாதவரும் இழக்க நேர்ந்தது. விழித்திரையில் பொருத்தும் செயற்கைக் கண்ணைச் செய்த அமெரிக்க நிறுவனம் ஒன்றும் 2019இல் அத்தொழிலைக் கைவிட்டது; அதனைத் தாங்கிய 350க்கும் மேற்பட்டோர், பழுதானால் பார்ப்பாரின்றி நின்றனர். வரைபடமும் நிரலும் பூட்டிய பெட்டிக்குள் இருக்குமாயின், பெட்டிக்குடையவர் போனபின் திறப்பார் யார்?

இரண்டாவது: கண்ணசைவும் இழந்து முற்றும் முடங்கியோர் ஆம், இல்லை என்று விடையளித்ததாக 2017இல் வெளியான ஆய்வொன்றை, வெளியிட்ட இதழே 2019இல் திரும்பப் பெற்றது. பதிவுகள் முழுமையாக இல்லை என்பதும் பகுத்த முறை பிழையுடையது என்பதும் குற்றச்சாட்டு. 'வாழ விரும்புகிறீரா?' என்று கேட்டு, பெற்ற விடையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அப்பிழை சிறு பிழையாகுமா? பதிவும் நிரலும் பிறர் சரிபார்க்கும் நிலையில் இருத்தல் இத்துறையில் அறத்தின்பாற்பட்டது.

மூன்றாவது: 2021இல் சிலி நாடு, மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் செய்திகளையும் காக்கும் வாசகத்தைத் தன் அரசியலமைப்பிற் சேர்த்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எமோட்டிவ் நிறுவனம் ஒருவரிடமிருந்து திரட்டிய மூளைப் பதிவுகளை அழிக்குமாறு ஆணையிட்டது. ஒருவர் மூளையில் எழுந்த அலை அவர்க்கே உரியது என்னும் கருத்துக்கு நீதிமன்றம் அளித்த காவல் இது.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால் வேறுபாடு ஒன்று தெளிவுறும். ஆய்வு முறையும் மென்பொருளும் கருவியின் அமைப்பும் பொதுவில் இருத்தல் வேண்டும். தனி ஒருவரின் மூளைப் பதிவு அவர் இசைவின்றிப் பொதுவில் வருதல் கூடாது. முன்னதை மறைப்பதும் பின்னதைப் பரப்புவதும் வணிகத்துக்கு எளிய வழிகள். இவ்விரண்டையும் நேர்மாறாக நிறுத்துவதே அறம்.

சுவரில் நகர்ந்த ஒளிப்புள்ளியைக் கேட்டன் கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துள்ளன. இனி வரும் கருவிகள் எந்த மொழியில் பேசும் என்பதும் இன்றைய மாணவர் கையில் உள்ளது. ஆங்கிலச் சொற்றொகுதியைக் கொண்டு பயின்ற கணிப்பொறி, வாய் பேசவியலாத ஒரு தமிழ் மூதாட்டியின் உள்ளத்தை அவர் மொழியிலேயே எழுதிக்காட்ட வேண்டுமாயின், தமிழின் ஒலியியலும் புணர்ச்சியும் அறிந்தவர் அம்மென்பொருளை எழுதும் மேசையில் அமர்ந்திருத்தல் வேண்டும். கருவிகள் பல இன்று விலையின்றித் திறந்து கிடக்கின்றன. அறிவியல் வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடமை. அத்திறந்த கதவுகளுள் நுழைவது மாணவர் கடமை.